விட்டுவைத்த கொம்பு

மூன்றாவது சாக்கைக் கவிழ்க்கும்போதுதான் செல்லபாய்க்கு மூச்சு வாங்குகிறது. சாக்கில் இருப்பது சருகு. புங்கிலை, பூவரசிலை, கொஞ்சம் மாவிலை. அக்கம்பக்கத்து வீடுகளில் பெருக்கிக் கூட்டித் தீ வைப்பதற்கு முன்னால் ஓடிப்போய் வாரிக்கொண்டு வந்தது. அதை ஓடையில் கொட்டிவிட்டு, முழங்கால் தண்ணீரில் நின்றபடி, மிதந்து தப்பப் பார்க்கும் இலைகளைப் பிடித்துக் கல்லுக்கு அடியில் செருகுகிறாள். குழந்தைக்குப் போர்வை செருகுவதுபோல, நாலு பக்கமும்.

எதிர்க்கரையில் துணி துவைக்கும் செசிலிக்கு இது தினமும் பார்க்கிற காட்சி. ஆனாலும் வாய் சும்மா இருக்காது.

"எக்கா, ஓடையில ஒரு சருகு கெடந்தா எங்கள அந்த வெரட்டு வெரட்டுவிய. இப்பம் நீங்களே சாக்குச் சாக்கா கொண்டு கொட்டுதிய. நாங்க வாருததா, வேண்டாமா?"

"இத ஒருத்தி தொடட்டு, கைய முறிப்பேன்."

"முறிங்க. ஆனா துவைக்குத துணி பூரா சருகாட்டு வருது."

"உதறி உடு பிள்ளே. எலதான? பாம்பா?"

செல்லபாய்க்கு ஐம்பத்து மூன்று வயது. குள்ளமான உருவம், ஓடைக்கு அந்தப் பக்கமும் கேட்கிற குரல். சேலைக்கு மேல் புருஷனின் பழைய முழுக்கைச் சட்டை. ரப்பர் பால் தெறித்துக் கறுத்த திட்டுகள் எந்தச் சோப்புக்கும் போகாமல் அதில் அப்படியே இருக்கின்றன. காலையில் நெற்றியில் இழுத்த நாமம் பத்து மணிக்குள் வேர்வையில் பாதி கரைந்துவிடும். எதையும் மீட்டரில் சொல்வது அவள் பழக்கம். கல்யாணப் பந்தியாகட்டும், ஆஸ்பத்திரி வராந்தாவாகட்டும், "ஒரு முப்பது மீட்டரு வரும், கேட்டியா" என்பாள். நூறு நாள் வேலையில் ஒன்பது வருடம் பணித்தளப் பொறுப்பாளராக இருந்ததால் வந்தது. யாருக்கு எத்தனை மீட்டர் கரை என்று அளந்து விடுவதும், வேலைக்கு முன்னும் பின்னும் போட்டோ எடுத்து ஆப்பில் ஏற்றுவதும் அவள் பொறுப்பாக இருந்தன.

அவள் பொறுப்பில் செதுக்கிய கரை மொட்டையடித்த தலைமாதிரி இருக்கும். ஒரு புல் நிற்காது, ஒரு வேர் நீட்டாது. ஓவர்சியர் மற்ற ஊர்க்காரர்களுக்கு அவள் எடுத்த படத்தைக் காட்டி, "வேலைன்னா இது" என்பாராம். அதை அவள் பல தடவை சொல்லியிருக்கிறாள். இப்போது சொல்வதில்லை.

ஓடைக்குப் பெயர் கிடையாது. கீரிப்பாறைப் பக்கத்து மலையில், எஸ்டேட் ரப்பருக்கு நடுவே எங்கோ ஊறி, பஸ் திரும்பும் முக்கைத் தாண்டி, எட்டு வீடுகளின் பின்புறமாக இறங்கி வயலுக்குப் போகிறது. நல்ல கால் உள்ளவர்கள் தாண்டிவிடலாம். கோடையிலும் வற்றாது. அந்த எட்டு வீடுகளில் ஐந்தாவது வீடு செல்லபாயுடையது.

நாராயணபெருமாள், அவள் புருஷன், எஸ்டேட்டில் பால் வெட்டுக்காரர். முப்பது வருடம் மரங்களில் சாய்வாகக் கோடு கிழித்த வலக்கை, மூன்று வருடங்களுக்கு முன் ஒரு காலையில், சாயாத் தம்ளரைப் பிடிக்க முடியாமல் நழுவவிட்டது. பக்கவாதம்; கையோடு பேச்சும் போயிற்று. ஆஸ்பத்திரியில் பசு, பூ, வீடு என்று படம் போட்ட அட்டைகளைக் காட்டினார்கள். அவர் அட்டையைப் பார்ப்பார். காட்டுகிறவரைப் பார்ப்பார். பிறகு ஜன்னலைப் பார்ப்பார். எட்டு மாதம் அவர் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை.

நாலு மணிக்கு வீட்டுக்குப் பின்னால் நாற்காலி போட்டு, காற்று படட்டும் என்று அவரைக் கொண்டுவந்து உட்காரவைப்பாள். நாற்காலிக்கும் ஓடைக்கும் நடுவில் அப்போது கைதை நின்றது. தாழையைத்தான் இந்தப் பக்கத்தில் கைதை என்கிறார்கள். ஆள் உயரத்துக்கு மேல் முள் மடல்களை விரித்து, கால் காலாக வேர்களைத் தண்ணீருக்குள் ஊன்றி நிற்கும். அதன்மேல் சாய்ந்தாற்போல் ஒரு புங்கமரம், ஓடையின் பாதிக்குக் கூரை போட்டிருந்தது. மடல்களின் இடைவெளியில் ஒரு முறம் அகலத்துக்கு மட்டும் தண்ணீர் தெரியும்.

அந்த முறத்துக்குள் ஒருநாள் நீலமாக ஏதோ விழுந்தது. சின்ன மீன்கொத்தி. விழுந்த வேகத்தில், அலகில் மினுங்கும் மீனோடு எழுந்து, தண்ணீர்மேல் நீட்டியிருந்த புங்கங்கொம்பில் உட்கார்ந்தது.

"கிட்டிச்சு," என்றார் நாராயணபெருமாள்.

கிடைத்துவிட்டது என்று அர்த்தம். அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த செல்லபாய் துருவலும் கையுமாக ஓடிவந்து, "என்னது? என்ன பறைஞ்சிய?" என்று கேட்டாள். அவர் அவளைப் பார்த்தார். அவ்வளவுதான். அடுத்த நாள் அவள் அடுக்களைக்குப் போகவில்லை. நாற்காலிக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். பறவை விழுந்தது. மீனோடு எழுந்தது. "கிட்டிச்சு."

அந்த ஒரு சொல்தான். பெண்டாட்டி பெயர் வரவில்லை. மகள் பெயர் வரவில்லை. தண்ணீர் வேண்டும் என்பதுகூட வரவில்லை. பறவை மீனோடு எழுந்தால் அது வரும். வெறும் அலகோடு எழுந்தால் வராது. நல்ல நாளில் இரண்டு, மூன்று தடவை. காலையில் வேலைத்தளத்தில் பெண்கள் கையெழுத்துப் போடும்போதே செல்லபாய் அறிவித்துவிடுவாள்: "நேத்து மூணு!" யாரும் எது மூன்று என்று கேட்பதில்லை. எல்லாருக்கும் தெரியும்.

மகள் சுபிதா குவைத்தில் நர்ஸ். அவளுக்கு அந்தச் சொல்லைக் கேட்க வேண்டும். வீடியோவில் கூப்பிடுவாள். பறவை வரும் நேரத்தில் அவளுக்கு டியூட்டி இருக்கும். டியூட்டி இல்லாத நாளில் பறவை தாமதிக்கும். வந்த ஒன்றிரண்டு நாளும் போனில் தெரிந்ததெல்லாம் கைதை மடல். "அம்மா, ஒண்ணும் தெரியல்ல. ஒரே பச்சையாட்டு இருக்கு," என்றாள் சுபிதா.

ஒரே பச்சை. செல்லபாய் அன்று ராத்திரி முழுக்க அதையே நினைத்துக்கொண்டு படுத்திருந்ததாகச் சொல்கிறாள். முறம் அகலத்துக்குத் தெரிகிறபோதே ஒரு சொல் வருகிறது. ஓடை முழுக்கத் தெரிந்தால்? மனுஷன் தடையில்லாமல் பார்த்தால் இன்னும் ரெண்டு சொல் வரக்கூடாதா? எத்தனையோ பேர் வீட்டுப் பின்புறத்தைச் சுத்தமாக்கிக் கொடுத்தவள், தன் புருஷனுக்குச் செய்யவில்லையே என்று பட்டிருக்கிறது.

அந்தப் பருவத்து வேலையில் தன் வீட்டுக்குப் பின்னால் உள்ள நாற்பது மீட்டரை அவளே சேர்க்கச் சொன்னாள். பதினெட்டுப் பெண்கள், இரண்டு நாள். கைதையை அடியோடு வெட்டி, வேரைக் கம்பிப்பாரை போட்டு நெம்பி எடுத்தார்கள். காட்டுச்சேம்பைப் பிடுங்கினார்கள். தண்ணீருக்கு அடியில் மெத்தைபோலக் கிடந்த சருகை மண்வெட்டியால் கோரிக் கரையில் போட்டார்கள். புங்கமரத்தில் ஏறிய குளோரி கிளைகளைக் கழிக்கத் தொடங்கியபோது செல்லபாய் கீழிருந்து கத்தினாள்: "ஏட்டி, அந்த ஒத்தக் கொம்ப மட்டும் தொடாத! அது அவனுக்க இருப்பிடம்."

பறவைக்கு அவள் வைத்த மரியாதை அது. மரத்தில் மிச்சம் எல்லாம் போக, தண்ணீர்மேல் அந்த ஒரு கொம்பு நின்றது. அவள் போட்டோ எடுத்தாள். நல்ல படம்.

அன்று நாலு மணிக்கு நாராயணபெருமாளுக்கு ஓடை முழுக்கத் தெரிந்தது. பறவையும் வந்தது. கொம்பில் உட்கார்ந்தது, தலையை அப்படியும் இப்படியும் சாய்த்தது, விழுந்தது. வெறும் அலகோடு எழுந்தது. மறுபடி விழுந்தது. மூன்றாவது தடவையும் ஒன்றும் இல்லை. நாராயணபெருமாள் வாயைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார். நாலு நாள் இப்படி. ஐந்தாவது நாள் பறவை வரவில்லை. பிறகு வரவே இல்லை.

ஆள் நடமாட்டத்துக்குப் பயந்திருக்கும் என்று செல்லபாய் பத்து நாள் பொறுத்தாள். செசிலியைத் துணி துவைக்க வரக்கூடாது என்றாள். கோழியைக் கூட்டில் அடைத்தாள். கடைசியில் எபிசனைப் பிடித்தாள். எபிசன் ஆட்டோக்காரன், சவாரி இல்லாத நேரத்தில் தூண்டிலோடு இந்த ஓடையின் வளைவுகளில்தான் கிடப்பான். அவன் வந்து, கரையில் நின்று, கைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்தான்.

"எக்கா, சாப்பாட்டுக் கடைய இடிச்சுப்போட்டு வாசல்ல ஒரு நாற்காலிய மட்டும் போட்டிருக்கிய. எவன் வந்து இருப்பான்?"

"நான் கொம்ப விட்டுவச்சேன்லா?"

"அது கொம்பையா திங்கும்?"

எபிசனுக்குக் கேலி அதிகமாகிவிட்டது தெரிந்திருக்க வேண்டும். குந்தி உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"மீனு வெயிலுல நிக்காதுக்கா. கைதை வேருக்க எடையிலதான் நிக்கும். மேல புங்குல முசுறு எறும்புக் கூடு இருந்துல்லா? அதுலயிருந்து நாலு முசுறு விழும். புழு விழும், வெட்டுக்கிளி விழும். எல விழுந்து அழுகும், அதுல கூனி எறாலும் சின்னப் புழுவும் கெடந்து திங்கும். அதுகளத் திங்க நண்டு வரும், அயிரை வரும். இந்த ஓடையில என்ன வெளையுது? ஒண்ணும் வெளையாது. எல்லாச் சோறும் கரையிலயிருந்துதான் விழணும்."

"திரும்ப வர எத்தன நாளு ஆவும்?"

"நாளா?" எபிசன் பாரை நெம்பிய குழிகளைப் பார்த்தான். "கைதை நட்டு, வளந்து, வேரு ஓடை வெள்ளத்துல எறங்கணும்னா நாலஞ்சு வருசம் ஆவுமேக்கா."

நாராயணபெருமாளுக்கு டாக்டர் நாள் எதுவும் குறித்துக் கொடுக்கவில்லை. இன்னொரு தடவை வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், வந்தால் கஷ்டம் என்று மட்டும் சொல்லியிருந்தார். ஐந்து வருடம் என்ற கணக்கு அந்த வீட்டில் யாராலும் தைரியமாகச் சொல்ல முடியாத கணக்கு.

அன்றைக்குச் செல்லபாய் போனை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஆயிரத்துக்கு மேல் படங்கள். மண், கரை, மண்வெட்டி பிடித்த பெண்களின் வரிசை. புருஷன் அந்தச் சொல்லைச் சொன்னது ஒன்றுகூட இல்லை. வருடத்துக்கு மேல் தினமும் கேட்டதைப் பிடித்து வைக்க வேண்டும் என்று ஒருநாளும் தோன்றவில்லை. "நாளைக்கும் பறைவாருன்னுதான இருந்தேன்," என்கிறாள். தன் வீட்டுப் பின்புறத்தின் 'முன்' படம் மட்டும் இருந்தது. காலை ஒன்பது மணிக்கு எடுத்தது. அதை விரல்களால் பெரிதாக்கிப் பெரிதாக்கி, மடலுக்கு மடல் தேடினாள். ஒரே பச்சையாக இருந்தது.

மழைக்காலம் வந்தபோது, வேர் பிடிக்காத கரை இரண்டு இடத்தில் சரிந்து விழுந்தது. வெயில் காலத்தில் கூழாங்கற்களில் பச்சைப் பாசி வழுவழுவென்று படர்ந்தது. மத்தியானம் காலை வைத்தால் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். முன்பு சாயங்காலமானால் தவளைச் சத்தத்தில் டிவி கேட்காது. இப்போது எட்டு வீட்டு டிவியும் நன்றாகக் கேட்கிறது.

செல்லபாய் சருகு கொட்டத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். முதலில் கையில் கிடைத்ததையெல்லாம் கொட்டினாள். பாதி மிதந்து செசிலியின் துணிக்குப் போயிற்று. பிறகு வெங்காயம் வரும் வலைப் பைகளைக் கடையில் கேட்டு வாங்கி, இலையோடு ஒரு கல்லும் போட்டுக் கட்டி இறக்கினாள். பத்து நாளுக்கு ஒருமுறை தூக்கிப் பார்ப்பாள். முந்திரி இலை செருப்புத் தோல்போல அப்படியே இருந்தது. புங்கிலை மட்டும் சல்லடை சல்லடையாகி, நரம்பு மிஞ்சியிருந்தது. "இது தின்னுருக்கு," என்று அந்தச் சல்லடை இலையை வெயிலில் தூக்கிக் காட்டுவாள். முந்திரியை அன்றோடு விட்டாள். ஒரு பையில் கூனி துள்ளியது. இன்னொன்றில், சருகுத் துண்டுகளை உடம்பில் ஒட்டிச் சட்டைபோலப் போட்டுக்கொண்ட ஒரு புழு ஊர்ந்தது. "கெடந்து தின்னு மக்கா," என்று சொல்லிப் பையைத் திரும்ப இறக்கினாள்.

ஏழு கைதைக் கன்று நட்டாள். மூன்று பிடித்திருக்கின்றன. ஒரு சாண் உயரம்.

பொறுப்பாளர் வேலையை அவள் சண்டை போட்டு விடவில்லை. மேலே உள்ள வளைவுகளில் கரையைத் தொடாமல், நடுவில் கிடக்கிற பிளாஸ்டிக்கையும் மண்ணையும் மட்டும் எடுக்கலாமா என்று ஓவர்சியரிடம் கேட்டாள். "கரை படத்துல சுத்தமா தெரியணும், செல்லபாய். ஒனக்குத் தெரியாததா?" என்றார். தெரியும். போட்டோ எடுக்கும் பொறுப்பைக் குளோரியிடம் கொடுத்துவிட்டு, மறுநாள் மண்வெட்டியோடு வரிசையில் நின்றாள்.

இப்போது அவளுக்கும் மற்றவர்களைப்போல அளந்துவிடும் கரை இரண்டு மீட்டர்தான். அந்த இரண்டு மீட்டரில் அவள் குப்பையை எடுப்பாள், மண்ணைக் கோருவாள். கைதையையும் சேம்பையும் தொடமாட்டாள். செதுக்கிய கரையில் அது மட்டும் புதராக நிற்கும். வேலை செய்யும் பெண்கள் அதற்குச் 'செல்லபாய்க்க மீசை' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பஸ் திரும்பும் முக்கிலிருந்து வயல்வரைக்கும் எண்ணினால் ஒன்பது மீசை வரும்.

"மீசை படத்துல உழாம சாய்ச்சு எடுத்திருக்கேன், கேட்டியளா," என்பாள் குளோரி. "எனக்க வேலைக்கி உலை வச்சிராதிய."

"நீ நல்லா இருப்ப மக்கா."

"நான் நல்லா இருக்கது கெடக்கட்டு. அண்ணன் எப்பிடி இருக்காரு?"

"இருக்காரு." செல்லபாய் குனிந்து மண்ணைக் கோருவாள். வேலைத்தளத்தில் யாரும் எண்ணிக்கை கேட்பதில்லை.

நாலு மணி நாற்காலியை மட்டும் அவள் நிறுத்தவில்லை. அவரை உட்காரவைத்து, வேட்டியைச் சரிசெய்து, வாயோரத்தைத் துடைத்துவிட்டு, "பொறுத்துக்கிடுங்க," என்பாள். எதை என்று சொல்லமாட்டாள். அவர் வெறும் கொம்பைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இந்த மே மாதம் சுபிதா இருபது நாள் லீவில் வந்தாள். நர்ஸ் அல்லவா, அட்டைகளைத் திரும்ப எடுத்தாள். போனில் மீன்கொத்தி வீடியோக்களை ஓடவிட்டு அப்பாவின் முகத்துக்கு நேரே பிடித்தாள். "அப்பா, இன்னா பாருங்க. கிட்டிச்சு. பறைங்க, கிட்டிச்சு." நாராயணபெருமாள் போனைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். இடக்கையால் அவள் கன்னத்தை ஒருமுறை தொட்டார். சுபிதா உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நெடுநேரம் முகம் கழுவினாள்.

"நீ ஒண்ணும் காரணம் இல்லம்மா," என்று அன்றைக்குச் சொன்னாள். "இந்த நோயில ஒரு சொல்லு வரும், பெறகு தானா போவும். நான் எத்தன பேரப் பாத்திருக்கேன்."

"தானா போறது போவட்டு," என்றாள் செல்லபாய். "இது எனக்க மண்வெட்டியில போனது."

இருபதாவது நாள். விடிந்தால் திருவனந்தபுரத்தில் விமானம். எபிசனிடம் சொல்லியாயிற்று, பெட்டி கட்டியாயிற்று. நாலு மணிக்கு நாற்காலி வந்தது. கூரை இல்லாத ஓடையில் வெயில் நேராக விழுந்து தண்ணீர் கண்ணைக் கூசவைத்தது. சுபிதா பின்வாசல் படியில் போனோடு உட்கார்ந்திருந்தாள். அப்பாவின் முகத்தைத்தான் படம் பிடித்துக்கொண்டிருந்தாள்; சொல் இல்லாவிட்டால் முகமாவது இருக்கட்டும் என்று.

வீட்டுக்குள்ளிருந்து செல்லபாய் ஒரு கறுப்புக் குடையோடு வந்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடைக்குள் இறங்கினாள். கொம்புக்கு நேர் கீழே ஒரு பறவை வந்து விழ இடம் விட்டு, ஓரடி தள்ளி நின்று, குடையை விரித்துத் தண்ணீர்மேல் தாழ்வாகப் பிடித்தாள்.

"அம்மா, என்ன செய்யுத?"

"சத்தம் போடாத பிள்ளே."

தண்ணீரில் வட்டமாக ஒரு நிழல் விழுந்தது. நெடுநேரம் அது வெறும் நிழலாகவே இருந்தது. பிறகு வலைப் பையின் ஓரத்திலிருந்து மீன்குஞ்சு ஒன்று வந்தது, நெல்மணி நீளத்துக்கு. இன்னொன்று. ஏழெட்டு. எல்லாம் நீரோட்டத்துக்கு எதிராகத் தலை வைத்து, நிழலின் விளிம்பைத் தாண்டாமல், வாலை மட்டும் அசைத்துக்கொண்டு நின்றன.

நாராயணபெருமாளின் கழுத்து முன்னால் நீண்டது. இடக்கை நாற்காலியின் கையை இறுகப் பிடித்தது. உதடுகள் லேசாகப் பிரிந்தன. சுபிதா போனை உயர்த்தினாள்.

கால் மணி நேரம் ஆயிற்று. அரை மணி ஆயிற்று. கொம்பு வெறுமையாக இருந்தது. அவர் உதடுகள் பிரிந்தபடியே இருந்தன.

"அம்மா," என்றாள் சுபிதா மெதுவாக. "கை வலிக்கும். போரும், ஏறி வா."

செல்லபாய் மகளைத் திரும்பிப் பார்க்கவில்லை. காலை அசைக்காமல், மீன்கள்மேல் இருந்த நிழல் விலகாதபடி, குடையைப் பையப் பைய இடக்கைக்கு மாற்றிக்கொண்டாள்.